கட்டத்தாளில் இசையை எழுதுவது எப்படி? கூத்துப் பாட்டையும் பறையடியையும் எழுதி வைக்க விரும்பும் புதியவர்களுக்கு

பாலக்கோட்டை அடுத்த எங்கள் ஊர்த் தெருக்கூத்துக் குழுவின் பாடல்களை எழுதி வைக்க நான் முதன்முதலில் அமர்ந்தபோது, கோடு போட்ட நோட்டில் சொற்களை எழுதி, அவற்றின் மேல் எனக்குத் தெரிந்த அளவில் ஸ்வர எழுத்துகளை இட்டு, எட்டு மாதங்களில் 31 தருக்களை, அதாவது தாளத்தோடு பாடும் கூத்துப் பாட்டுகளை, முடித்தேன். மறு ஆண்டு அதே நோட்டைத் திறந்தபோது, எந்த எழுத்து எவ்வளவு நேரம் நீள வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது ஒரு பாட்டில்கூட எனக்கு விளங்கவில்லை. அந்த நோட்டைப் பார்த்த எங்கள் கூத்து வாத்தியார், "அடிய எழுதிட்ட கண்ணு, சும்மா இருக்கற எடத்த எங்க எழுதுன?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் கட்டத்தாளுக்கு வந்து சேர்ந்தேன். கட்டத்தாளில் ஒலிக்கும் நேரத்துக்கு இடம் இருப்பது போலவே ஒலிக்காத நேரத்துக்கும் இடம் உண்டு.

ஐந்து கோட்டு மேலை இசைக்குறிப்பைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு நேரமும் ஆசிரியரும் இருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால், வாத்தியாரின் நினைவில் உள்ளதை அவர் இருக்கும்போதே தாளில் ஏற்ற வேண்டும் என்ற அவசரம் உள்ளவர்களுக்கு, ஒரு கட்டம் என்பது ஒரு சம அளவு நேரம் என்ற ஒரே விதி போதும். கொரியாவின் ஜொங்கன்போ என்ற பழைய முறையும், 1962-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க முழவுகளைக் கற்பிக்க உருவான நேரக்கட்ட முறையும் இந்த விதியின் மேல்தான் நிற்கின்றன. ஜொங்கன்போவில் கட்டங்களை மேலிருந்து கீழாகப் படிப்பார்கள். நாம் இடமிருந்து வலமாகவே எழுதுவோம்.

1. எதை எழுதப் போகிறீர்கள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

உங்கள் முன்னால் உள்ளது பறையடியா, தாளத்தில் நிற்கும் தருவா, தாளமில்லாமல் பாடும் விருத்தமா என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். முதல் இரண்டுக்கும் கட்டத்தாள் பொருந்தும், விருத்தத்துக்குப் பொருந்தாது. விருத்தத்தை நடிகர் தன் மூச்சுக்கும் அந்த இரவின் கூட்டத்துக்கும் ஏற்ப நீட்டியும் குறுக்கியும் பாடுவார். அதைக் கட்டத்துக்குள் அடைத்தால் ஒரு நாள் பாடிய ஒரு விதத்தை மட்டும் சட்டமாக்கிவிடுவீர்கள். ஆகவே விருத்தத்தைச் சாதாரணத் தாளில் வரிவரியாக எழுதி, சொல்லின் மேல் ஸ்வரங்களையும், மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சாய்கோட்டையும் இட்டால் போதும்.

2. தாளும் எழுதுகோலும்

ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாள்தான் கைக்கு எளிது. பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளில் உள்ள சிறிய கட்டங்களில் 'ரி' என்ற எழுத்தையும் அதன் மேல் ஒரு புள்ளியையும் சேர்த்து எழுத முடியாது. மில்லிமீட்டர் கோடுகள் கொண்ட கிராஃப் தாளையும் பயன்படுத்தலாம். ஆனால் அதிலுள்ள தடித்த சென்டிமீட்டர் கோடுகளையே கட்டங்களாகக் கொள்ளுங்கள். ஒரு வரியில் அதிகம் எழுதலாம் என்ற ஆசையில் 8 மில்லிமீட்டர் கட்டங்களை அதன் மேல் நானே வரைந்து பார்த்தேன்; இரண்டு வகைக் கோடுகளும் கலந்து கண்ணைக் குழப்பியதால் 20 தாள்கள் வீணாயின.

கட்டப்பகுதி 18 சென்டிமீட்டர் அகலம் இருந்தால், இடப்பக்கம் இரண்டு கட்டங்களை வரிசையின் பெயருக்கு ஒதுக்கி, மீதி 16 கட்டங்களை இசைக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த 16 என்ற எண் நமக்குப் பலவிதத்திலும் உதவும்.

பென்சில், அழிப்பான், அடிக்கோல், கறுப்பு மை பேனா, தாள்களைக் கோக்க ஒரு கோப்பு ஆகியவை போதும். தருமபுரியில் நான் வாங்கியபோது இவை எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள் அடங்கின. இதற்கு மேல் செலவாகும் ஒரே இனம் ஜெராக்ஸ். அதனால்தான் இந்த எச்சரிக்கை: வண்ணங்களை நம்பி எழுதாதீர்கள். வலக்கை அடிக்குச் சிவப்பும் இடக்கை அடிக்கு நீலமுமாக அழகாக எழுதி, குழுவினருக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படிகளில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாக வந்து, அத்தனையையும் மறுபடி எழுதினேன். வேறுபாட்டை நிறத்தால் காட்டாமல் வடிவத்தால் காட்டுங்கள்.

3. ஒலிப்பதிவும் அதற்கான காலமும்

கைப்பேசிப் பதிவு போதுமானது. ஆனால் கூத்து நடக்கும் இரவில் எடுத்த பதிவிலிருந்து எழுத முயலாதீர்கள். ஆர்மோனியமும் மத்தளமும் கூட்டத்தின் ஒலியும் சேர்ந்து தனிக் குரலைப் பிரித்துக் கேட்கவிடாது. ஒத்திகை நாளில் பாடுபவரை மட்டும் அமர்த்தி, ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை பதிவு செய்யுங்கள். முதல் முறை அவர் வழக்கமாகப் பாடும் வேகத்தில் பாடட்டும். இரண்டாம் முறை கையால் தாளம் தட்டிக்கொண்டு, மெதுவாகப் பாடட்டும். அந்தத் தட்டின் ஒலி பதிவில் தெளிவாகக் கேட்க வேண்டும். பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் அதுவே ஆதாரம்.

திருவிழாக் காலத்தில் கலைஞர்கள் இரவெல்லாம் ஆடிவிட்டுப் பகலில் உறங்குவார்கள். அம்மன் கோயில் விழாக்கள் நிறைந்த ஆடி மாதத்தில் பம்பைக்காரரிடமும் பறைக் கலைஞரிடமும் நேரம் கேட்பது அவர்களுடைய பிழைப்பைக் கெடுப்பதாகும். விழாக்கள் குறைந்த மாதத்தில் போங்கள். அவர்கள் செலவிடும் நேரத்துக்கு உரிய தொகையை முன்னதாகவே பேசிக் கொடுத்துவிடுங்கள்.

4. ஒரு கட்டம் எவ்வளவு நேரம்?

இந்த ஒரு முடிவில் தவறினால் மற்ற எல்லாம் தவறும். ஆகவே ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இதற்கே கொடுங்கள்.

பாட்டிலேயே சொற்கள் மிக நெருக்கமாக வரும் வரியைத் தேடி எடுங்கள். மெதுவான பதிவைக் கேட்டுக்கொண்டே நீங்களும் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் சம இடைவெளியில் எத்தனை அசைகள் விழுகின்றன? நான்கு விழுந்தால் அது சதுச்ர நடை; ஒரு தட்டுக்கு 4 கட்டங்கள். மூன்று விழுந்தால் திச்ர நடை; ஒரு தட்டுக்கு 3 கட்டங்கள். இரண்டே விழுந்தால் 2 கட்டங்கள் போதும். பிற்பாடு தேவைப்படும் என்று நினைத்து நான்காக்க வேண்டாம்.

இந்தக் கணக்கைத் தாளத்தோடு பெருக்கினால் வரியின் நீளம் கிடைக்கும். ஆதி தாளம் 4, 2, 2 என்று பிரியும் 8 தட்டுகள். சதுச்ர நடையில் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 32 கட்டங்கள். அதை 16, 16 என இரண்டு வரிகளாக எழுதினால் முதல் வரியில் 4 தட்டுள்ள லகுவும் இரண்டாம் வரியில் 2 தட்டுள்ள இரு திருதங்களும் சரியாக அமர்ந்துவிடும். அதே தாளம் திச்ர நடையில் 24 கட்டங்கள், வரிக்கு 12. மிச்ர சாபு தாளம் 3, 4 என்று பிரியும் 7 தட்டுகள். தட்டுக்கு 2 கட்டம் வைத்தால் 14. கண்ட சாபு 2, 3 என்று பிரியும் 5. அதே அளவில் 10. வரி 16-ஐ எட்டாதபோது மீதிக் கட்டங்களை அடித்துவிடுங்கள். அடுத்த ஆவர்த்தனத்தை அந்த மீதியில் தொடங்கவே கூடாது. ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் முதல் தட்டும் தாளில் ஒரே நேர்க்கோட்டில் கீழே இறங்கினால்தான், படிப்பவர் தடம் தவறும்போது உடனே திரும்பப் பிடிக்க முடியும்.

இங்கே உள்ள பெரிய பொறி, 'தகிட' என்ற சொல்லைக் கேட்டவுடன் அது திச்ர நடை என்று எண்ணுவது. 'தகிட தகிட தக' என்ற அடிக்கோவை 3, 3, 2 சேர்ந்த 8 கட்டங்கள். தட்டுக்கு 2 கட்டம் என்றால் தட்டுகள் 1, 3, 5, 7 ஆகிய கட்டங்களில் விழும். இரண்டாவது 'தகிட' தொடங்குவது 4-ஆம் கட்டத்தில். அதாவது இரண்டு தட்டுகளுக்கு நடுவில். உண்மையான திச்ர நடையிலோ ஒவ்வொரு 'தகிட'வும் தட்டின் மேலேயே தொடங்கும். கையில் தட்டிக்கொண்டு வாயால் சொல்லிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், 6 பாட்டுகளை மூன்று மூன்று கட்டங்களாக வெட்டி எழுதி ஒரு மாதத்தை இழந்தேன்.

பாட்டின் நடுவில் நடை மாறினால் புதிய தாளை எடுங்கள். ஒரே நேரத்தில் ஒருவர் மூன்றாகவும் மற்றவர் நான்காகவும் வாசிக்கும் இடம் வந்தால் மட்டும், அந்த ஒரு தட்டுக்கு 12 கட்டங்கள் ஒதுக்குங்கள்; 12 மூன்றாலும் நான்காலும் வகுபடும். ஏதோ ஓரிடத்தில் மட்டும் ஒரு கட்டத்துக்குள் இரண்டு ஸ்வரங்கள் வந்தால், முழுப் பாட்டின் கட்டங்களையும் இரட்டிக்க வேண்டியதில்லை. இரண்டு எழுத்துகளையும் அதே கட்டத்துக்குள் எழுதி மேலே ஒரு கோடு இட்டால் இரட்டை வேகம் என்று பொருள். கர்நாடக இசை நூல்களிலும் இதே வழக்கம்தான்.

5. குறிகளைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்

ஸ்வரம் தொடங்கும் கட்டத்தில் அதன் எழுத்து. அது நீளும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காற்புள்ளி. ஒலி இல்லாத கட்டம் வெற்றாக இருக்கும். இந்த மூன்றையும் கலக்காதீர்கள். நீளுவதையும் நிற்பதையும் வெற்றுக் கட்டமாகவே விடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. என் பழைய நோட்டைப் பயனற்றதாக்கியதும் அதுதான். மேல் ஸ்தாயிக்கு (ச முதல் நி வரையிலான ஸ்வர அடுக்கு ஒரு ஸ்தாயி) எழுத்தின் மேல் புள்ளியும் கீழ் ஸ்தாயிக்குக் கீழ்ப் புள்ளியும் இடுங்கள். அந்தப் புள்ளி கட்டக்கோட்டைத் தொட்டால் ஜெராக்ஸில் மறைந்துவிடும் என்பதால் எழுத்தைக் கட்டத்தின் நடுவில் சற்றே சிறிதாக எழுதிப் புள்ளியைப் பெரிதாக இட வேண்டும்.

6. பறையடியை எழுதுதல்

முதல் பயிற்சிக்குப் பாட்டை எடுக்காமல் அடியை எடுங்கள். பறையில் வலக்கையின் அடிக்குச்சிக்கு ஒரு வரிசை, இடக்கையின் சிம்புக்குச்சிக்கு ஒரு வரிசை, மேலே கட்ட எண்களுக்கு ஒரு வரிசை என மூன்று வரிசைகள் போதும். அடிக்குச்சிக்கு நிரப்பிய வட்டமும் சிம்புக்குச்சிக்கு வெற்று வட்டமும் இடலாம். மேலே சொன்ன 3, 3, 2 அடிக்கோவையைப் பயிற்சிக்காக இப்படி எழுதலாம்:

எண்: | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8 |
அடி: | ● |   |   | ● |   |   | ● |   |
சிம்பு: |   | ○ | ○ |   | ○ | ○ |   | ○ |

இரண்டு குச்சிகளும் ஒரே கட்டத்தில் நிரம்பியிருந்தால் இரண்டும் சேர்ந்து விழும் அடி என்று யாரும் சொல்லாமலே புரியும். 'தகிட' போன்ற சொற்களை வரியாக எழுதும் சொற்கட்டால் இதைக் காட்ட முடியாது. பம்பையில் இரண்டு முழவுகள் சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதால் நான்கு முகங்களுக்கும் நான்கு வரிசைகள் போட்டுத் தொடங்குங்கள். எந்த முகம் அடிபடவில்லையோ அந்த வரிசையைச் செம்படியில், அதாவது திருத்தி மையில் எழுதும் இறுதிப் படியில், விட்டுவிடலாம். அழுத்தி அடிப்பதற்கு வட்டத்தின் மேல் ஒரு சிறு முக்கோணம் போதும்.

சொற்கட்டையும் சேர்த்து எழுத விரும்பினால் அதற்குத் தனி வரிசை கொடுங்கள். சொற்கட்டில் வரும் 'த' ஓர் அடி. ஸ்வரத்தில் வரும் 'த' தைவதம் என்ற ஸ்வரம். இரண்டும் ஒரே வரிசையில் நின்றால் படிப்பவர் திகைப்பார்.

7. தருவை எழுதுதல்

தருவுக்கு இரண்டு வரிசைகள்: மேலே ஸ்வரம், கீழே சொல். பயிற்சிக்காக நான் அமைத்த ஒரு சிறு வரியைப் பாருங்கள். மோகன ராகம், ஒரு தட்டுக்கு 4 கட்டங்கள், இரண்டு தட்டுகள்.

ஸ்வரம்: | க | , | க | ரி | ச | , | ரி | க |
சொல்: | மா |   | ம | ழை | வந் |   | த | து |

மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. 'ந்' தனக்கு முன்னுள்ள 'வ'வோடு ஒட்டிக்கொண்டு ஒரே கட்டத்தில் நிற்கிறது. சொல் வரிசையில் காற்புள்ளி தேவையில்லை, மேலே ஸ்வரம் நீண்டால் சொல்லும் நீளும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 'வந்' என்பதில் உள்ள 'வ' குறில்தான், ஆனாலும் அது இரண்டு கட்டம் நிற்கிறது. யாப்பிலக்கணம் படித்தவர்களுக்குக் குறில் என்றால் ஒரு மாத்திரை, நெடில் என்றால் இரண்டு மாத்திரை என்று கை தானாகவே அதற்கேற்பக் கட்டம் ஒதுக்கிவிடும். பாட்டின் நீளம் வேறு, எழுத்தின் மாத்திரை வேறு. காதில் விழுவதை மட்டுமே எழுதுங்கள்.

எந்த ரிஷபம் (ரி), எந்தக் காந்தாரம் (க) என்பதைத் தாளின் தலைப்பில் ஒரு முறை எழுதினால் போதும். மேலே காட்டிய வரிக்கு அது ரி2, க3; எண் அந்த ஸ்வரத்தின் வகையைக் காட்டும். ஒரே பாட்டில் க2, க3 இரண்டும் வந்தால் மட்டும் கட்டத்துக்குள் எண்ணை இடுங்கள். நாட்டார் பாடல்களில் இது நடக்கக்கூடியது. ராக இலக்கணத்துக்கு ஒத்துவரவில்லை என்று பாடியவரைத் திருத்தாதீர்கள்.

ஸ்வரப் பெயர்களே தெரியாத, ஆனால் கீபோர்டு வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு வேறொரு வடிவம் உதவும். ஸ்தாயிக்கு 12 ஸ்வரஸ்தானங்களையும் 12 கிடைவரிசைகளாக்கி, கீழே ஷட்ஜத்தில் (ச) தொடங்கி மேல் ஷட்ஜத்தோடு 13 வரிசைகள் போட்டு, ஒலிக்கும் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போவது அந்த முறை. மெட்டு ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஆனால் தாளில் இடம் மிகுதியாகப் பிடிக்கும். ஆகவே பாட்டு தொடும் ஸ்வரங்களுக்கு மட்டும் வரிசை போடுங்கள்; மோகனத்தில் ஒரு ஸ்தாயிக்குள் அமைந்த பாட்டுக்கு மேல் ஷட்ஜத்தோடு 6 வரிசைகள் போதும்.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைக் கட்டம் காட்டாது. அசைவு வரும் ஸ்வரத்தின் மேல் ஒரு நெளிகோடு இட்டுவிட்டு, அதை ஒலிப்பதிவில் கேட்டுக்கொள்ளுமாறு அந்தப் பதிவின் எண்ணை ஓரத்தில் எழுதுங்கள். நெளிகோட்டில் பத்து வகை உண்டாக்கிக் கமகத்தைப் பிடித்துவிடலாம் என்று முயன்றவர்களின் தாள்களை அவர்களாலேயே திரும்பப் படிக்க முடியாததைக் கண்டிருக்கிறேன்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தெலுங்கு, கன்னடப் பாடல்களையும் எழுத நேரும். தமிழ் எழுத்தில் எழுதும்போது வல்லினத்தின் ஒலி வேறுபாடுகள் மறைந்துவிடும் என்பதால், அந்த மொழி பேசுபவரை அருகில் வைத்துக்கொண்டு, அழுத்தி ஒலிக்க வேண்டிய எழுத்தின் கீழ் ஒரு கோடு இட்டு வாங்குங்கள்.

8. தாளின் தலைப்பில் இருக்க வேண்டியவை

பாட்டின் முதல் அடி, கூத்தின் பெயர், பாடும் பாத்திரம், தாளம், நடை, ஒரு தட்டுக்கு எத்தனை கட்டம், எந்தக் கட்டை (பாடும் சுருதி), வேகம், பதிவு எண், தேதி. இவற்றில் கட்டையை விட்டுவிடுபவர்கள் மிகுதி. ஒரு கட்டை சுருதி என்றால் கீபோர்டில் 'சி'. நாலரைக் கட்டை என்றால் 'எஃப் ஷார்ப்'. இதை எழுதாவிட்டால் மெட்டு கெடாது. ஆனால் ஆர்மோனியக்காரர் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிருக்கும். வேகத்துக்கு, 15 விநாடிகளில் விழும் தட்டுகளை எண்ணி நான்கால் பெருக்கி எழுதுங்கள். கூத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகும் என்பதால் தொடக்கத்தின் எண்ணையும் முடிவின் எண்ணையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

9. ஒப்புதல் தாளும் பதிப்புரிமையும்

பாடிக் கொடுத்தவரிடம் ஒரு பக்க ஒப்புதல் தாள் வாங்கி அதே கோப்பில் வையுங்கள். அவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், இந்தத் தாளைப் பிறருக்குக் கொடுக்கலாமா, படி எடுக்கலாமா, பெற்றுக்கொண்ட தொகை எவ்வளவு ஆகியவற்றை எழுதி, படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். அவருக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.

வழிவழியாக வந்த பாட்டை எழுதியதனால் அது உங்களுடையதாகிவிடாது. நீங்களே புதிதாக அமைத்த மெட்டாக இருந்தால் நிலை வேறு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், இசைப் படைப்பு என்பதற்குத் தரும் விளக்கத்தில் அதன் வரைவடிவக் குறிப்பையும் சேர்த்தே சொல்கிறது. ஐந்து கோட்டு முறையில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ஆனால் பாடும் சொற்களை அந்த விளக்கம் சேர்த்துக்கொள்வதில்லை. சொற்கள் தனியாக இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் வரும். ஆகவே சொல்லும் மெட்டும் உங்களுடையவையாக இருந்து இரண்டையும் பதிவு செய்ய விரும்பினால், இரண்டு விண்ணப்பங்களும் ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய் கட்டணமும் தேவை. விண்ணப்பித்த பின் மறுப்புகளுக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகே பரிசீலனை தொடங்கும். உரிமை பெறப் பதிவு கட்டாயமில்லை. படைத்த கணம் முதலே அது உண்டு, படைத்தவரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஒரு சிறு பாட்டுக்காக உடனே பணம் கட்ட ஓடாமல், தேதியிட்ட தாளையும் பதிவையும் பத்திரப்படுத்துங்கள்; தகராறு வரக்கூடிய பாட்டுக்கு மட்டும் பதிவு செய்யலாம் என்பது என் கருத்து.

10. சோதனையும் செம்படியும்

பென்சில் படி முடிந்தவுடன் மை போடாதீர்கள். அந்தப் பாட்டைக் கேட்டிராத, ஆனால் குறிகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் தாளை மட்டும் கொடுங்கள். பதிவைக் கொடுக்க வேண்டாம். அவர் வாசிப்பதைப் பதிவு செய்து, மூலப் பதிவோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். நீங்களே படித்துப் பார்ப்பது சோதனையாகாது. பாட்டு உங்கள் மனத்தில் இருப்பதால், தாளில் விட்டுப்போன கட்டத்தையும் மனமே நிரப்பிக்கொள்ளும்.

பிறகு வாத்தியாரிடம் வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைச் சேர்த்து, கறுப்பு மையில் செம்படி எழுதுங்கள். நான்கு வரித் தரு ஒன்றுக்கு எனக்கு முதலில் ஒரு வாரம் ஆயிற்று. இப்போது எழுத இரண்டு மாலைகளும் சோதிக்க ஒரு மாலையும் ஆகின்றன. செம்படியைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலிருந்து படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். இரண்டு படிகள் எடுத்து ஒன்றை வாத்தியார் வீட்டில் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அவர் வேறுவிதமாகப் பாடினால் பழைய தாளைக் கிழிக்காமல், புதிய தேதியிட்ட தாளை அதன் மேல் கோத்து வையுங்கள்.